கரைவலையில் பட்ட நிழல்

ஜப்பான்காரன் ஆகாயத்தால் வந்து வெள்ளைக்காரனின் கப்பலைத் தாழ்த்திய அன்று ஆமைக்குடாக் கரைவலையில் மீன் படவில்லை, நிழல் பட்டது. பதினேழு பிளேன்களின் நிழல். பங்குனி மாதம், வியாழக்கிழமை, வெயில் ஏறிய நேரம். இதை அந்த ஊரில் யாரும் அதிசயம் என்று சொன்னதில்லை. பிழை என்றுதான் சொன்னார்கள். பத்தக்குட்டியின் கண் விட்ட பிழை.

பத்தக்குட்டி வலைக்குக் கண் பார்ப்பவர். மணல் மேட்டின்மேல் நாலு மரம் நட்டுக் கட்டிய பரணில் விடியுமுன் ஏறி நின்று, தண்ணீரில் எந்த இடத்தில் கறுப்புத் திட்டு அசைகிறது, அது கீரி மீனா சூடை மீனா, எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது என்று பார்த்து, தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து வீசித் தோணிக்காரருக்கு வழி காட்டுவது அவர் வேலை. முப்பது வருஷமாக அவர் சால்வை வடக்கே போனால் தோணி வடக்கே போகும், தெற்கே போனால் தெற்கே போகும், கீழே இறங்கினால் வலை இறங்கும். கண் பார்ப்பவனுக்கு ஒரு கட்டு உண்டு. பரணில் நிற்கும்வரை வானத்தைப் பார்க்கக்கூடாது. சூரியன் பட்ட கண் அதற்குப் பிறகு தண்ணீரை அறியாது. அவருடைய தகப்பன் பார்த்ததில்லை, தகப்பனின் தகப்பன் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை.

அன்றும் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது, ஆனால் அந்த மாதம் முழுக்க வெள்ளைக்காரனின் பிளேன்கள் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தபடியால் இரைச்சலை இரைச்சல் என்று எண்ணுவதை ஊர் விட்டுப் பலநாள். அவர் கண்டது தண்ணீரில் ஒரு பெரும் கறுப்பு, முப்பது வருஷத்தில் காணாத கறுப்பு, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சுற்றிச் சுற்றி வருகிற கறுப்பு. மேலே பதினேழு பிளேன்களும் கப்பலைத் தேடி வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவர் சால்வையை வீசினார். தோணி வளைத்தது. வலை இறங்கியது. மேலே பறந்தவர்கள் கப்பலைக் கண்டு கிழக்கே போனார்கள், நிழல் போகவில்லை. அது வலைக்குள் நின்றது.

பிறகு வான விளிம்பில் புகை எழும்பியது. கரையில் கயிறு இழுத்தவர்கள் அதைக் கண்டார்கள். பத்தக்குட்டி காணவில்லை. அவர் கறுப்புத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலைக் கயிற்றின் இரண்டு தலைப்பிலும் இருபது இருபது பேர் நின்று அம்பா பாடி இழுத்தார்கள். பாரம் ஒன்றும் இல்லை, வெறும் வலை வருவது போலத்தான் வந்தது, ஆனால் இழுக்க இழுக்கக் கைக்குள் ஒரு களைப்பு ஏறியது. கடலில் பிறந்த களைப்பு அல்ல அது, மாதக்கணக்காக வீட்டை விட்டு, ஒரு சமுத்திரத்திலிருந்து இன்னொரு சமுத்திரத்துக்கு, கண் மூடாமல் வந்தவனுடைய களைப்பு. பாட்டு பாதியில் நின்றது. வலையின் மடி கரைக்கு வந்து திறந்தபோது உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினேழு நிழல், ஒவ்வொன்றுக்கும் இறக்கை போல இரண்டு செட்டை, ஒரு வால், ஒரு துளி ஈரம் இல்லை.

வலையின் சொந்தக்காரர் சாமித்தம்பிச் சம்மாட்டி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். காலால் ஒன்றைத் தட்டினார். அது அசையவில்லை. கடலுக்கே திருப்பிக் கொடுப்போம் என்று இரண்டொருவர் சொன்னார்கள். வலையில் வந்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் ஆமைக்குடாவில் கிடையாது. பொழுது படுமுன் கரையிலேயே பங்கு பிரிக்க வேண்டும், பிரிக்காவிட்டால் அடுத்த வலைக்கு மீன் வராது.

"வந்தது வந்ததுதான்," என்றார் சம்மாட்டி. "பங்கைப் பிரிங்க."

பிரித்தார்கள். நனைந்த சேலையை மடிக்கிற மாதிரி இரண்டு பேர் இரண்டு செட்டையைப் பிடித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சம்மாட்டிக்கு அவர் பங்கு, இழுத்த குடும்பங்களுக்கு அவர்கள் பங்கு, கண்ணகை அம்மன் கோயிலுக்கு ஒன்று. கண் பார்த்தவருக்கு முழுசாக ஒன்று. பத்தக்குட்டி வேண்டாம் என்றார். ஊர் அவரை நக்கலடித்தது. நல்ல கீரி மச்சான், முள்ளே இல்லை, என்றான் ஒருவன். அவருடைய பங்கை அவர்களே கொண்டுபோய் அவர் வீட்டு வளவில் விரித்துவிட்டு வந்தார்கள்.

ஊர் அந்த நிழலோடு பழக ஒரு கிழமை எடுத்தது. முதலில் சம்மாட்டி தன் பங்கைக் கருவாடு காயப்போடுகிற களத்தில் விரித்தார், புத்தியில்லாத வேலை, அவ்வளவு கருவாடும் ஊசிப்போனது. பிறகு அதைத் தென்னம்பிள்ளைகளுக்கு மேல் விரித்தார், பிள்ளைகள் நிலத்தைச் சுடுகிற கச்சான் காற்றிலும் வாடாமல் நின்றன. பசுமாடுகள் அதை விட்டு எழும்ப மறுத்தன. கோழிகள் பக்கத்திலும் போகவில்லை, பருந்து நிழல் என்று பயந்தன. ஒரு கலியாணம் நடந்தது, பந்தல் போடாமல். கால் வைத்த இடம் கொப்பளிக்கும் கோயில் முன்மணலில் அம்மனின் பங்கை விரிக்கலாமா, எதிரியின் நிழல் அம்மனுக்கு ஆகுமா என்று பெரியவர்கள் இரண்டு நாள் வாய்ப்பேச்சுப் பட்டபோது, கோயில் பூசை செய்கிற கப்புகனார் வெளியே வந்து, வெயில் எந்த நாட்டு வெயில் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். விரித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நித்திரை. அதில் படுத்தவன் படுத்த மாத்திரத்தில் தூங்கினான். வலையிழுத்து முதுகு வலித்தவன், பிள்ளை பெற்று உடம்பு நோகிறவள், பஞ்ச காலத்தில் அரிசி தேடி நாலு ஊர் நடந்தவன், எல்லோரும் அதில் போய் விழுந்தார்கள். நிழலுக்குள் இருந்த களைப்பு ஆளின் களைப்போடு சேர்ந்து, இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்வது போல இருக்கும் என்று சொன்னார்கள். எழும்பும்போது யாருக்கும் ஒன்றும் தீர்ந்திருக்காது. நித்திரை கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வருஷத்தில் அது போதும்.

ஊர்த் தலைவரான விதானையார் ஒரு வெள்ளைக்காரத் துரையையும் நாலு பட்டாளத்தாரையும் கூட்டிவந்து காட்டினார். துரை அளந்து பார்த்தார், எழுதிக்கொண்டார். தூக்கச் சொன்னார். பட்டாளத்தாருக்கு மடிக்கத் தெரியவில்லை. அதில் ஒருவன் இளைப்பாற உட்கார்ந்து அங்கேயே உறங்கிப்போனான், அவனைக் காவிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கடைசியில் துரை, மேலே பறக்கிற எதிரி தன் நிழலை அடையாளம் கண்டு ஊரில் குண்டு போட்டாலும் போடுவான், ஆகவே எல்லா நிழலையும் தென்னோலைக் கிடுகு போட்டு மூடி வையுங்கள் என்று உத்தரவு போட்டார். நிழலுக்கு நிழல் போடச் சொல்கிறான் என்று ஊர் சிரித்தது. அந்த ஒரு தடவைதான் சிரித்தது.

பத்தக்குட்டியின் வீட்டில் அதற்கும் சிரிப்பு வரவில்லை. அவருடைய ஒரே மகன் அழகரெத்தினம் திருகோணமலையில் ஒரு கப்பலின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்றுதான் தாயும் தகப்பனும் நினைத்திருந்தார்கள். துறைமுகத்துக்கு அடி விழப்போகிறது என்று முதல்நாள் இரவே கப்பலைத் தெற்கே அனுப்பியதும், அது கரையோரமாக ஒளிந்து ஒளிந்து வந்ததும், ஆமைக்குடாவுக்கு நேரே புகைந்தது அந்தக் கப்பல்தான் என்பதும் சித்திரை பிறந்து ஒரு தாள் வந்தபிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூட வாத்தியார் இங்கிலீஷை வாசித்துவிட்டுத் தமிழில் ஒரு சொல்தான் சொன்னார். காணவில்லை.

உடல் வரவில்லை. வேறு உடல்கள் கரையேறின, ஊர் அவற்றை மணலில் அடக்கியது. அழகரெத்தினம் கரையேறவில்லை. வள்ளிப்பிள்ளை, அவனுடைய தாய், அழவுமில்லை. நித்திரை கொள்வதை நிறுத்தினாள். பாயில் படுத்தாள், கண் மூடவில்லை, வாசலில் இருந்தாள், கண் மூடவில்லை, பத்து நாளில் முகம் எலும்பாகிப் போனது, உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றாள், கூப்பிட்டால் கூப்பிட்டவரை யாரென்று பார்த்தாள். வைத்தியம் பார்க்கிற பரிகாரி வந்து எண்ணெய் வைத்தார். இன்னும் ஒரு மாதம் இப்படிக் கிடந்தால் ஆள் மிஞ்சாது என்று பத்தக்குட்டியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் பகல், பத்தக்குட்டி பரணிலிருந்து வந்து பார்க்கிறார், வளவில் யாரும் தொடாமல் கிடந்த நிழலின் நடுவில் வள்ளிப்பிள்ளை கை காலைப் பரப்பி உறங்குகிறாள். வாய் திறந்து குறட்டை விடுகிறாள்.

அவர் பக்கத்தில் போகவில்லை. எழும்பும்வரை வேலியோரம் குந்தியிருந்தார். அவள் எழும்பி, கூந்தலை முடிந்து, உலையில் அரிசி போட்டாள்.

"அது ஆரிட நிழல் எண்டு தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா படுத்தாய்?"

"நித்திரை வருகுது. வேற எங்கயும் வரல்ல."

அவள் அகப்பையால் உலையைக் கிளறினாள்.

"இதுக்குள்ள ஒருத்தன் களைச்சுப்போய்க் கிடக்கான்," என்றாள். "நம்மட பொடியன் குசினிவேலை முடிச்சுக் கிடப்பானே, அதே மாதிரி."

பத்தக்குட்டி எழும்பிப் போய்விட்டார். அவர் நெஞ்சில் வேறு கணக்கு ஓடியது. பிளேன்கள் நிழலோடு போயிருந்தால் கப்பலில் நின்றவர்கள் தண்ணீரில் நிழலையாவது கண்டிருப்பார்கள். நிழலைப் பிடித்து வைத்துக்கொண்டு வெறும் பிளேனை அனுப்பியது யார்? சால்வை வீசியது யார்? இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படி ஒன்றுமில்லை என்று சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள், அதுதான் சொல்லவில்லை.

நிழல் சும்மா கிடக்கவில்லை. சில நாள் காலையில் ஒரு செட்டை கொஞ்சம் உயரும், மறு செட்டை தாழும், வால் மெல்லத் திரும்பும். எங்கோ ஒரு கடலுக்கு மேலே அதன் சொந்தக்காரன் பறக்கிறான் என்று அர்த்தம். ஊருக்கு இது தெரிய வந்தது வண்டில்காரத் தம்பாப்பிள்ளையின் வளவில். அங்கே கிடந்த நிழல் ஒரு நாள் சாய்ந்தது, சுழன்றது, காற்றில் அகப்பட்ட இலை போல மூன்று தரம் சுற்றியது, பிறகு அங்கே வெள்ளை மணல்தான் இருந்தது. சொந்தக்காரன் எங்கோ விழுந்துவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பாப்பிள்ளையின் பெண்சாதி அந்த இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் தெளித்தாள்.

அன்றிலிருந்து பத்தக்குட்டிக்கு ஒரு வேலை சேர்ந்தது. விடியப் பரணுக்குப் போகுமுன் வளவில் நின்று அந்த நிழலைப் பார்த்து, விழு, என்பார். ஒரு சொல்தான். பகல் வந்து வள்ளிப்பிள்ளை அதில் படுப்பாள். அவர் காலையில் விழச் சொல்லுவதும் அவள் மத்தியானம் அதில் உறங்குவதுமாக மிச்சச் சித்திரை போனது. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஆளை ஆள் என்று அறிந்தாள்.

வைகாசியில் அம்மனுக்குக் குளிர்த்தி பாடி முடித்த அந்தக் கிழமை, ஒரு நாள் விடிந்தபோது ஊரில் நிழல் இல்லை. சம்மாட்டியின் தென்னம்பிள்ளைகள் வெயிலில் நின்றன. பசுக்கள் எழும்பி நின்று கத்தின. கோயில் முன்மணல் கொதித்தது. வீடு வீடாகப் பார்த்தார்கள், வெள்ளை மணல், வெள்ளை மணல், வெள்ளை மணல். பத்து நாள் கழித்து வாத்தியார் பேப்பர் பார்த்து, எங்கோ கிழக்குச் சமுத்திரத்தில் பெரிய சண்டையாம், ஜப்பான்காரன் பிளேன் கொண்டுவந்து அடித்த மாதிரியே அவனுக்கும் கொண்டுவந்து அடித்தார்களாம், பிளேன் தாங்கி வந்த கப்பல்கள் தாழ்ந்தனவாம் என்று வாசித்தார். கேட்டவர்கள் சந்தோஷப்படவுமில்லை, துக்கப்படவுமில்லை. ஓம், தெரியும், என்றார்கள்.

ஒரே ஒரு நிழல் மிச்சம். பத்தக்குட்டியின் வளவில் கிடந்தது.

அவரே அதை நம்பவில்லை. விடியப் போய் நின்றவர் வழக்கமான சொல்லைச் சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் நின்றார். மற்றப் பதினாறும் போன பின்னால் இது ஒரு செட்டையை இலேசாக உயர்த்திக்கொண்டு, எங்கோ தனியாக, போவதற்குக் கப்பல் இருக்கிறதோ இல்லையோ, பறந்துகொண்டிருந்தது.

வெயில் அந்த வருஷம் கொடுமை. கச்சான் காற்று நெருப்பை வாரி வீசியது. நித்திரைக்குப் பழகிய ஊர் நித்திரையில்லாமல் சிவந்த கண்ணோடு திரிந்தது, தொட்டதற்கெல்லாம் சண்டை, அம்பா பாட ஆளில்லை, வலை பாதியில் நின்றது. ஆனி பிறந்ததும் சம்மாட்டி பத்துப் பேரோடு பத்தக்குட்டியின் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஒருவன் கையில் வலை வெட்டுகிற கத்தி. வள்ளிப்பிள்ளை வளவில் உறங்கிக்கொண்டிருந்தாள், நிழலின் நடுவில்.

"வலையில பட்டது எல்லாருக்கும் பொது மச்சான்," என்றார் சம்மாட்டி. "மிச்சத்தை வெட்டிப் பிரிப்பம்."

"பங்கு பிரிச்சாச்சு."

"அண்டைக்குப் பிரிச்சது. அண்டைக்கு நீ வேணாம் எண்டவன்."

பத்தக்குட்டி கத்தியைப் பார்த்தார்.

"விடிஞ்சா விழு விழு எண்டு சபிக்கிறாய், ஊருக்கே கேக்குது. நாங்க வெட்டினா உனக்கென்ன?"

"சபிக்கிறது நான்," என்றார் பத்தக்குட்டி. "நீ கத்தியோட வராத."

சொல்லிவிட்டு நிழலின் விளிம்பில் போய் நின்றார். ஐம்பத்தெட்டு வயசு, கையில் ஒன்றுமில்லை. வெட்டினால் எங்கோ பறக்கிறவன் என்ன ஆவான் என்று அவருக்குத் தெரியாது, அவன் என்ன ஆனாலும் அவருக்குச் சந்தோஷம்தான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். ஆனால் வெட்டின துண்டில் ஒரு பெண்சாதி காலை நீட்டிப் படுக்க முடியாது. அதுமட்டும் தெரியும். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். வெயில் சுட்டது. சண்டை பிடிக்கவும் தெம்பு வேண்டும், ஒருவனுக்கும் இல்லை. ஒருவர்பின் ஒருவராகப் படலையைக் கடந்து போனார்கள். கடைசியாகப் போன சம்மாட்டி, என்ன கண்ணோ உன்ட கண், என்று சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிய அவர் நிழலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் பரணுக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். சில நாள் செட்டை அதிகம் சாய்ந்திருந்தால் தோணிக்காரர் காத்திருக்கக் காத்திருக்க, அது நேராகும்வரை அங்கேயே நிற்பார். ஏன் பிந்தினாய் என்று கேட்டால் முழங்கால் நோ என்பார்.

ஆவணியில் ஒரு நாள். உச்சி திரும்பிக் கொஞ்ச நேரம். வள்ளிப்பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கை கன்னத்தின் கீழ். பத்தக்குட்டி பக்கத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். நிழலின் ஒரு செட்டை வேலிவரை உயர்ந்தது. மற்றது அவளுடைய முதுகின்கீழ் தாழ்ந்தது. அவர் கிடுகைக் கீழே வைத்தார். அது நேராக முயன்றது, முடியவில்லை, மறுபடியும் முயன்றது. மெல்லச் சுழலத் தொடங்கியது. அவளை எழுப்பாமல், அவளுக்குக் கீழே, ஒரு தரம் சுற்றியது, இரண்டு தரம் சுற்றியது. அவர் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. மூன்றாம் தரம் பாதியில் வெள்ளை மணல்.

வெயில் நேரே அவள் முகத்தில் விழுந்தது. இமை துடித்தது.

பத்தக்குட்டி எழும்பி, சூரியனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். உச்சி வெயிலில் மனுசனுக்கு எவ்வளவு நிழல் இருக்கும், ஒரு சுளகு அளவு. அவர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். அப்போது அவர் நிழல் அவள் முகத்துக்கு வந்தது. முகத்துக்கு மட்டும். இமை அடங்கியது.

சம்மாட்டி படலையில் வந்து நின்று, வடக்கே கீரி ஏறி நிற்கிறது, தோணியைத் தள்ளிவிட்டோம், பரணில் ஆளைக் காணோம் என்று தொடங்கினார்.

"சத்தம் போடாத," என்றார் பத்தக்குட்டி, நிமிராமல். "இப்பதான் கண் அயர்ந்தவள்."

சம்மாட்டி வெள்ளை மணலைப் பார்த்தார். குனிந்து நிற்கிறவரைப் பார்த்தார். படலையை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்.

சூரியன் நகர்ந்தது, அவர் அரை அடி நகர்ந்தார். அது மறுபடியும் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். முதுகு வெந்தது, முழங்கால் நடுங்கியது, வியர்வை மூக்கு நுனியால் சொட்டாமல் இருக்க முகத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர முடிந்தது, வெயில் சாயச் சாய நிழல் நீண்டு அவள் தோளுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. கடலில் வலை இல்லாமல் கீரி போயிற்று. காகங்கள் கூட்டுக்குத் திரும்புகிற நேரம் அவர் நேராக நின்றார், நிழல் அவளுடைய பாதம்வரை போதுமாக இருந்தது.